ஏஐ எழுதும் டேட்டாபேஸ் கோடுக்கு விதிக் கோப்பு வைப்பது எப்படி

விதிக் கோப்பு என்பது கோடு எழுதும் ஏஐ உதவியாளர் படித்து நடக்க நாம் எழுதி வைக்கும் குறிப்பு. அதற்கு டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் நன்றாகவே தெரியும். திருப்பூர் ஜாப் ஒர்க் கணக்கும் ஈரோட்டு மண்டிக் கணக்கும்தான் தெரியாது. அதனால் விதிக் கோப்பில் "நல்ல பெயர் வை", "இன்டெக்ஸ் போடு" என்றெல்லாம் பாடம் எடுப்பது வீண். அது தப்பு செய்யும் இடங்களை மட்டும் எழுதுங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் பொருளின் வகையைக் காட்டுவது எச்எஸ்என் குறியீடு. மஞ்சளுக்கு அது 0910 என்று தொடங்கும். எண்தானே என்று இன்டிஜரில் (முழு எண் வகையில்) போட்டால் முதல் சுழியம் போய் 910 என்று நிற்கும். டீ-சர்ட்டின் 6109-ஐ வைத்தே சோதித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. எச்எஸ்என், ஜிஎஸ்டி எண், போன் நம்பர் மூன்றும் டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) நம்பர் இன்னொரு வம்பு. பல கம்பெனிகளில் ஏப்ரல் 1 அன்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். நம்பருக்கு மட்டும் யுனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) வைத்தால் மார்ச் வரை ஒழுங்காக ஓடும், புது வருடத்தின் முதல் டிசியில் நின்றுவிடும். கம்பெனி, நிதியாண்டு, நம்பர் மூன்றும் சேர்ந்துதான் யுனிக்.

ஒவ்வொரு விதியிலும் காரணத்தையும் எழுத வேண்டும். இப்படி:

"துணி எடை: நியூமெரிக் (12,3). ஃப்ளோட் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் வகை) கூடாது. காரணம்: சாயப்பட்டறைக்குப் போன கிலோவில் திரும்பி வந்ததையும் கழிவையும் கழித்தால் மிச்சம் சரியாகச் சுழியமாக வர வேண்டும்."

காரணம் தெரிந்தால், ஏஐ நீங்கள் சொல்லாத நூல் எடைக்கும் அதையே செய்ய வாய்ப்பு அதிகம்.

கோப்பின் முதல் வரி சர்வரில் ஓடும் டேட்டாபேஸின் பதிப்பாக இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 18-ஆம் பதிப்பில், நேர வரிசையில் தனித்த ஐடி உருவாக்கும் யுயுஐடிவி7 ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது, 17-இல் இல்லை. பதிப்பைச் சொல்லாவிட்டால் இல்லாத ஃபங்ஷனை அது கூசாமல் அழைக்கும். சர்வரை மேம்படுத்தும் அன்றே இந்த வரியையும் மாற்றுங்கள்.

அதிகச் சேதம் மைக்ரேஷனில்தான், அதாவது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோடில்தான். டேபிளை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை தன் வேலையை நொடிக்குள் முடித்துவிடலாம். ஆனால் அதே டேபிளில் ஒரு நீண்ட ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் லாக்குக்காக (டேபிளைத் தன் வசம் பூட்டிக்கொள்ள) காத்து நிற்கும்; அந்த டேபிளுக்கு அதன் பின்னால் வரும் எல்லா குவெரியும் வரிசையில் நிற்கும். பில்லிங் கவுன்டரில் "சிஸ்டம் ஹேங்" என்பார்கள். ஆகவே ஒவ்வொரு மைக்ரேஷனின் தலையிலும் லாக் டைம்அவுட் 3 நொடி என்று விதியாக்குங்கள். அதற்குள் லாக் கிடைக்காவிட்டால் தோற்றுப்போகட்டும், பிறகு மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். ஓடும் டேபிளில் இன்டெக்ஸ் போட, எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி வேண்டும், அது ட்ரான்சாக்ஷனுக்குள் (பல கட்டளைகளை ஒன்றாக முடிக்கும் தொகுப்புக்குள்) ஓடாது. பாதியில் தோற்றால் இன்வேலிட் இன்டெக்ஸ் அங்கேயே கிடக்கும், டிராப் செய்துவிட்டு மறுபடி போடுவது நல்லது. ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைச் சுட்டும் இணைப்பு) வைத்த ஃபீல்டுக்குப் போஸ்ட்கிரெஸ் தானாக இன்டெக்ஸ் போடாது என்பதையும் சேருங்கள்.

கோப்பை ரெபோவின் (கோடு சேமிக்கும் களஞ்சியத்தின்) மேல்மட்டத்தில் ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்று வையுங்கள். கிளாட் கோடு என்ற ஏஐ கருவிக்கான கிளாட் டாட் எம்டியில் விதிகளைத் திரும்ப எழுத வேண்டாம்; அட் குறியோடு அந்தக் கோப்பின் பெயரை ஒரு வரியில் போட்டால் போதும். இரண்டு நகல் இருந்தால் ஒன்று பழசாகிவிடும். நீளம் 150 வரியைத் தாண்டினால், மைக்ரேஷன் பகுதியைத் தனிக் கோப்பாக்கி எப்போது அதைப் படிக்க வேண்டும் என்று குறிப்பு வையுங்கள்.

ரிவ்யூவில் தப்பைப் பிடித்தால், அதைத் திருத்தும் புல் ரிக்வெஸ்டிலேயே (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையிலேயே) விதியும் ஏற வேண்டும். ஏற்றும் முன் புது செஷனில் அதே வேலையை விதி இல்லாமல் மூன்று முறை, விதியோடு மூன்று முறை கொடுத்துப் பாருங்கள். இல்லாமலே மூன்று முறையும் சரியாக வந்தால் அந்த விதி தேவையில்லை. மாடல் மாறும்போது பழைய விதிகளுக்கும் இதே சோதனை. சேர்ப்பவர்கள் நிறைய, நீக்குபவர் யாருமில்லை என்பதுதான் வழக்கம். அதனால் கோப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இயந்திரமே பிடிக்கக்கூடியதைக் கோப்பில் வைத்திருக்காதீர்கள். லாக் ஆபத்துள்ள மைக்ரேஷன்களில் பலவற்றை ஸ்குவாக் என்ற லின்டர் (கோடைப் படித்துத் தப்பு காட்டும் கருவி) சிஐயிலேயே, அதாவது கோடு சேரும் முன் தானாக ஓடும் சோதனையிலேயே நிறுத்திவிடும்.

"ப்ரொடக்ஷனில் டிலீட் செய்யாதே" என்று எழுதுவது பூட்டாகாது. ஏஐக்கு டேட்டாபேஸில் தனி ரோல் (பயனர் கணக்கு), செலக்ட் கிராண்ட் (படிக்கும் அனுமதி) மட்டும், அதுவும் சோதனை நகலில். ரோலை ரீட் ஒன்லி ட்ரான்சாக்ஷன் என்று அமைத்தால் மட்டும் போதாது. ஒரே செட் கட்டளையில் அதை மாற்றிவிடலாம். நகல் எடுக்கும்போதே பார்ட்டி பெயர், போன், ஜிஎஸ்டி எண்களை மறைத்துவிடுங்கள்.