சியாட்டில் மனித உரிமை ஆணையத்தை நமக்காக வேலை செய்ய வைப்பது எப்படி, அதில் சேருவது எப்படி

சியாட்டில் பக்கம் இருக்கிற நம்மவர்களில் பலருக்கு நகரத்துக்கென்று ஒரு மனித உரிமை ஆணையம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் பெயரைக் கேட்டதும் ஏதோ நீதிமன்றம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் உறுப்பினர்கள் சம்பளம் வாங்காதவர்கள், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் கூட்டத்துக்கு வருகிறவர்கள். யாருக்கும் அபராதம் போடவோ எந்தத் துறைக்கும் உத்தரவு போடவோ அவர்களால் முடியாது. மேயருக்கும் நகர மன்றத்துக்கும் எடுத்துச் சொல்வதுதான் அவர்களுடைய முக்கியமான வேலை. இது தெரியாமல் போனால் இரண்டு கூட்டத்திலேயே அலுத்துவிடும்.

உங்களுக்கே ஒரு பாகுபாடு நேர்ந்திருக்கிறது, வாடகைக்கு வீடு தர மறுத்தார்கள், வேலையிலோ கடையிலோ மோசமாக நடத்தினார்கள் என்றால் ஆணையக் கூட்டத்துக்கு ஓடாதீர்கள். சியாட்டில் சிவில் உரிமைகள் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் நகர ஊழியர்கள், புகாரை விசாரிக்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்கலாம். புகார் கொடுக்கக் காலக்கெடு இருக்கிறது, அது விஷயத்துக்கு விஷயம் மாறும், அதனால் நடந்த அன்றே தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்துவிட்டு, வந்த மெசேஜ், மின்னஞ்சல் எதையும் அழிக்காமல், சீக்கிரம் போய்க் கேட்டுவிடுங்கள். விசாரித்துவிட்டு 'போதிய காரணம் இல்லை' என்று முடித்துவிட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் இடம்தான் ஆணையம். அதனால் விசாரணை நடக்கும்போதே தெரிந்த உறுப்பினர் யாரையாவது காபிக்குக் கூப்பிட்டு வழக்கைப் பேசாதீர்கள். நாளைக்கு அதைக் கேட்டுத் தீர்மானிக்கப் போகிறவர் அவராகவே இருக்கலாம்.

இன்னொன்று, நகர எல்லை. பெல்வ்யூ, ரெட்மண்ட் எல்லாம் தனி நகரங்கள். அங்கே நடந்ததற்கு சியாட்டில் அலுவலகம் வராது, வாஷிங்டன் மாநில மனித உரிமை ஆணையத்திடம் போக வேண்டும். நமக்கு இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் 2023 பிப்ரவரி 21 அன்று சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சியாட்டில் நகர மன்றம் 6-1 என்று நிறைவேற்றிய சட்டம், அமெரிக்காவில் ஒரு நகரம் போட்ட முதல் சட்டம், இந்த நகர எல்லைக்குள்தான் செல்லும். சட்டம் வந்துவிட்டது, சரி, அது வேலை செய்கிறதா, எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அதைப் பொதுவில் கேட்க ஆணையம் நல்ல இடம்.

கேட்டால் நடக்குமா? ஆணையம் பிறந்த கதையைப் பாருங்கள். ஆசியர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்த ஊர் இது. 1963-இல் இளைஞர்கள் மேயர் அலுவலகத்திலேயே போய் உட்கார்ந்து போராடினார்கள், அந்த ஜூலையில்தான் ஆணையம் வந்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாடு கூடாது என்று ஆணையம் ஒரு சட்ட வரைவை எழுதிக் கொடுத்தது. நகர மன்றம் அதைத் தானே நிறைவேற்றாமல் வாக்கெடுப்புக்கு விட்டது, 1964 மார்ச்சில் மக்கள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்த சூழலில், நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரான சாம் ஸ்மித் முன்னெடுக்க, 1968 ஏப்ரல் 19 அன்று அது சட்டமானது. இடையில் நான்கு வருடம். தாளில் எழுதின ஒரு கோரிக்கை கையில் இருந்ததால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

அதனால் கூட்டத்துக்குப் போகும்போது எழுதிக்கொண்டு போங்கள். கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை, பொதுமக்கள் பேசவும் நேரம் உண்டு, ஆனால் ஒருவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். அதில் பாதியை "எல்லோருக்கும் வணக்கம், நான் எத்தனையோ வருடமாக இங்கே..." என்று கரைத்துவிடாதீர்கள். நடந்த ஒரு விஷயம், அதில் எந்தத் துறைக்குப் பங்கு, ஆணையம் என்ன செய்ய வேண்டும், இவ்வளவுதான். "சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக ஏதாவது செய்யுங்கள்" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். "புகார் கொடுப்பது எப்படி என்ற விளக்கத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் பஞ்சாபியிலும் வெளியிடச் சொல்லி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்" என்றால் யாராவது ஒருவர் அதைக் குறித்துக்கொள்வார், அடுத்த மாதம் போய் "அந்தக் கடிதம் என்ன ஆயிற்று?" என்று கேட்கவும் உங்களுக்கு வழி இருக்கும். நிஜமாகவே அடுத்த மாதமும் போங்கள். ஒருமுறை கோபமாகப் பேசிவிட்டுக் காணாமல் போகிறவரை விட, மாதாமாதம் வந்து அதே கேள்வியைக் கேட்கிறவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

உறுப்பினராகச் சேர விருப்பமா? முதலில் சில கூட்டங்களில் சும்மா உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள். சில இடங்களை மேயரும் சில இடங்களை நகர மன்றமும் நிரப்புவார்கள். விண்ணப்பத்தில் பட்டம் பதவியை அடுக்குவதைவிட உங்கள் அபார்ட்மென்டில், வேலையிடத்தில், கோயிலில், பள்ளிவாசலில் எதற்காக நின்றீர்கள் என்று எழுதுங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு எச்சரிக்கை. நம் வழக்கப்படி உடனே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, எல்லா உறுப்பினரையும் சேர்த்து, முடிவை அங்கேயே பேசி முடித்துவிடத் தோன்றும். அது கூடவே கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் இப்படிப்பட்ட அமைப்புகள் திறந்த கூட்டத்தில்தான் பேசி முடிவெடுக்க வேண்டும், ஆணைய வேலையாக நீங்கள் எழுதும் மின்னஞ்சலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கவும் முடியும். தேர்தலில் யாரையாவது ஆதரித்தால் ஆணையத்தின் பெயரை இழுக்காதீர்கள்.

வீட்டில் 18 முதல் 29 வயதுக்குள் யாராவது இருந்தால் அவர்களுக்கென்று 'கெட் எங்கேஜ்டு' என்ற திட்டத்தில் ஒரு வருடப் பதவி தனியாக உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள்.