தண்டர்பேர்டில் கோப்புறை காலியாகத் தெரிந்தால் செய்யக் கூடாதவை

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். வரிக் கணக்கு எழுதும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். வாடிக்கையாளர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் அனைத்தையும் மேசைக் கணினியில் உள்ள மொசில்லா தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில்தான் வைத்திருக்கிறார். "இன்பாக்ஸ் காலியா இருக்குப்பா. பதினோரு வருஷத்து மெயில், ஒண்ணுகூடக் காணோம். அக்கவுன்ட்டை எடுத்துட்டு மறுபடியும் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். "எதையும் தொடாதீங்க சித்தப்பா. அதை மூடிட்டு அப்படியே வைங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ப் பார்த்தபோது அவருடைய கடிதங்கள் அனைத்தும் வன்தட்டில் பத்திரமாகவே இருந்தன. ஐந்து நிமிடத்தில் திரையிலும் வந்துவிட்டன. அவர் செய்ய நினைத்ததைச் செய்திருந்தால், அவற்றில் பெரும்பகுதி அன்றே போயிருக்கக்கூடும்.

கோப்புறைச் சிக்கல்களில் கடிதங்களை அழிப்பது பெரும்பாலும் அந்தச் சிக்கல் அல்ல. பதற்றத்தில் நாம் செய்யும் திருத்த வேலைதான். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிய வேண்டுமானால், தண்டர்பேர்ட் கடிதங்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இயல்பான அமைப்பில், திரையில் தெரியும் ஒவ்வொரு கோப்புறைக்கும் வன்தட்டில் இரண்டு கோப்புகள் உள்ளன. ஒன்று, பெயருக்குப் பின்னால் எந்த நீட்டிப்பும் இல்லாத, வெறும் 'இன்பாக்ஸ்' என்றோ 'சென்ட்' என்றோ பெயர் கொண்ட எம்பாக்ஸ் வகைக் கோப்பு. அந்தக் கோப்புறையின் எல்லாக் கடிதங்களும் இணைப்புகளோடு சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இந்த ஒரே கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று, அதே பெயருடன் எம்.எஸ்.எஃப். என்ற நீட்டிப்பைக் கொண்ட சிறிய கோப்பு. அது கடிதங்களின் அட்டவணை மட்டுமே. திரையில் நாம் காணும் பட்டியல் இந்த அட்டவணையிலிருந்துதான் வருகிறது. ஆகவே அட்டவணை கெட்டுப்போனால், கடிதங்கள் முழுமையாக இருந்தாலும் கோப்புறை காலியாகத் தெரியும். எண்ணிக்கை தவறாகக் காட்டும். ஒரு கடிதத்தைச் சொடுக்கினால் வேறொரு கடிதம் திறக்கும். சித்தப்பாவின் கணினியில் நீட்டிப்பு இல்லாத இன்பாக்ஸ் கோப்பு 2.8 ஜிபி அளவில் இருந்தது. அட்டவணைக் கோப்போ 2 கேபி. அந்த இரண்டு எண்களைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு வந்தது.

கோப்புறை உண்மையிலேயே பழுதாகியிருக்கிறதா என்று பார்க்காமலே பழுதுபார்க்க இறங்கிவிடுவதைத்தான் நான் மிக அதிகமாகக் காண்கிறேன். கடிதப் பட்டியலுக்கு மேலே உள்ள விரைவு வடிகட்டிப் பட்டையில் 'படிக்காதவை' என்ற பொத்தான் எப்போதோ அழுத்தப்பட்டு, அருகிலுள்ள குண்டூசிச் சின்னமும் அழுந்தியிருந்தால், எந்தக் கோப்புறைக்குப் போனாலும் அந்த வடிகட்டி கூடவே வரும். படித்த கடிதங்கள் எல்லாம் காணாமல் போனதுபோலத் தோன்றும். இடப்பக்கக் கோப்புறைப் பலகத்தில் 'எல்லாக் கோப்புறைகளும்' என்பதற்குப் பதிலாகப் படிக்காத கடிதங்கள் உள்ள கோப்புறைகளை மட்டும் காட்டும் முறை தேர்வாகியிருந்தால், முழுக் கோப்புறைகளே மறைந்துவிடும். தேடலில் ஒரு கடிதம் அகப்படவில்லை என்பதும் அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஏனெனில் தேடலுக்கென்று தனியாக ஒரு தரவுத்தளக் கோப்பு உள்ளது, அது பின்தங்கிப்போவது உண்டு. புதிய பதிப்பை நிறுவியபின் கணக்குகள் உட்பட எல்லாமே காணாமல் போனதாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது கோப்புறைச் சிக்கலே அல்ல. 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிறுவலும் தனக்கென ஒரு புரொஃபைலை, அதாவது கணக்குகளும் அமைப்புகளும் கடிதங்களும் சேர்ந்து இருக்கும் அடைவை, வைத்துக்கொள்ளும் முறை வந்தது. நிரல் புதிய, வெறுமையான புரொஃபைலைத் திறந்திருக்கும். பழையது பக்கத்திலேயே தொடப்படாமல் கிடக்கும். உதவிப் பட்டியலில் உள்ள சிக்கல்தீர்வுத் தகவல் பக்கத்தில் எந்தப் புரொஃபைல் இயங்குகிறது என்று பார்த்து, பழையதைத் தேர்ந்துகொண்டால் போதும்.

சித்தப்பா கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது ஒரு தீர்வே அல்ல. பாப் கணக்குகளில் அது ஆபத்தான வேலை. பாப், ஐமேப் என்பவை சர்வரிலிருந்து கடிதங்களைப் பெறும் இரண்டு முறைகள். ஐமேப் கணக்கில் மூலக் கடிதங்கள் சர்வரில் இருக்கின்றன. கணினியில் இருப்பது நகல். பாப் கணக்கில், சர்வரில் கடிதங்களை விட்டுவைக்கும்படி அமைத்திருந்தாலன்றி, கணினியில் இருப்பதுதான் மூலம். வேறெங்கும் இன்னொன்று கிடையாது. கணக்கை நீக்கும்போது வரும் சிறு சாளரத்தில், கடிதத் தரவையும் சேர்த்து நீக்குவதற்கான கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் குறியிட்டால் கோப்புகளும் போய்விடும். குறியிடாவிட்டாலும், மறுபடி சேர்க்கும் கணக்கு புதிய அடைவில் வெறுமையாகத் தொடங்குவதால், பழைய கடிதங்கள் அழிந்தன என்றே பயனர் நினைத்துக்கொள்வார். கணக்கு அமைப்புகளில் 'சர்வர் அமைப்புகள்' பக்கத்தின் முதல் வரியிலேயே கணக்கின் வகை எழுதப்பட்டிருக்கிறது. எந்த வேலைக்கும் முன்னால் அதைப் படித்துவிட வேண்டும்.

அட்டவணைதான் கெட்டிருக்கிறது என்று உறுதியானால் செய்ய வேண்டியது எளிது. கோப்புறையின்மேல் வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்து 'ரிப்பேர் ஃபோல்டர்' என்ற பொத்தானை அழுத்தினால், தண்டர்பேர்ட் பழைய அட்டவணையைக் கைவிட்டு, கடிதக் கோப்பை முதலிலிருந்து படித்துப் புதிய அட்டவணையை எழுதிக்கொள்ளும். கடிதப் பட்டியலில் உள்ள நெடுவரிசைகளின் ஒழுங்கும் அகலமும் மாறிப்போகலாம். அது பெரிய இழப்பல்ல. பொத்தானை அழுத்திவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று மீண்டும் மீண்டும் அழுத்துவதும், பாதியில் நிரலை மூடுவதும்தான் தவறு. ஐமேப் கோப்புறையாக இருந்தால் சர்வரிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டியிருக்கும்; பல ஆயிரம் கடிதங்கள் உள்ள கோப்புறைக்கு, மெதுவான இணைப்பில் சில மணி நேரம்கூட ஆகலாம். கீழே உள்ள நிலைப்பட்டையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். சிலர் இணையத்தில் படித்துவிட்டு அட்டவணைக் கோப்பைக் கையால் அழிக்கிறார்கள். அதுவும் சரியான வழியே. ஆனால் தண்டர்பேர்டை முழுமையாக மூடியபின் செய்ய வேண்டும். எம்.எஸ்.எஃப். என்ற நீட்டிப்பு உள்ளதை மட்டும் அழிக்க வேண்டும். நீட்டிப்பு இல்லாததால் 'வகை தெரியாத குப்பை' போலக் காட்சி தரும் மற்றக் கோப்புதான் கடிதங்கள். எது எது என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும் அளவைப் பாருங்கள்: பெரியதைத் தொடாதீர்கள்.

அடுத்து, 'காம்பேக்ட்' என்ற கட்டளை. ஒரு கடிதத்தை நீக்கும்போது தண்டர்பேர்ட் அதைக் கோப்பிலிருந்து உடனே எடுத்துவிடுவதில்லை. நீக்கப்பட்டது என்று குறித்து வைத்துவிட்டுப் பட்டியலில் காட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான். குப்பைக் கோப்புறைக்கு நகர்த்தப்பட்ட கடிதமும் பழைய கோப்பில் அப்படியே கிடக்கும். இதனால்தான் இன்பாக்ஸில் நூறு கடிதங்களே இருக்கும்போதும் கோப்பு பல ஜிபி அளவில் வீங்கியிருக்கிறது. காம்பேக்ட் செய்யும்போதுதான் குறியிடப்பட்டவை உண்மையில் நீங்குகின்றன. அதை நெடுங்காலம் செய்யாமல் விடுவது ஒரு தவறு. தவறுதலாக ஒரு கடிதத்தை நீக்கிய பிறகு செய்வது அதைவிடப் பெரிய தவறு. பாப் கணக்கிலோ, கணினியில் மட்டுமே இருக்கும் உள்ளூர்க் கோப்புறையிலோ குப்பையைக் காலி செய்தபின் ஒரு முக்கியமான கடிதம் அதில் இருந்தது நினைவுக்கு வந்தால், காம்பேக்ட் செய்யாமல், வட்டு இடம் மிச்சமாகும் என்று நிரலே கேட்டால் மறுத்துவிட்டு, உடனே தண்டர்பேர்டை மூடி, அந்தக் கடிதம் முதலில் இருந்த கோப்புறையின் கோப்பை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய கோப்புகளைத் திறக்கவல்ல உரைத்தொகுப்பியில் அந்த நகலைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்றொரு வரியும் அதில் நான்கு இலக்கங்களும் இருக்கும். 0001 என்றால் படித்த கடிதம். 0009 என்றால் படித்து, பின் நீக்கப்பட்டது. நகலில் 0009 என்பதை 0001 என்று மாற்றிச் சேமித்து, புதுப் பெயரில் உள்ளூர்க் கோப்புறைகளின் அடைவில் போட்டுவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்தால், அந்தக் கடிதம் எழுந்து வந்து நிற்கும். நான் முதன்முறை இதைச் செய்து பார்த்த நாளை மறக்க முடியாது.

காம்பேக்ட் நடக்கும்போது புதிய கோப்பு ஒன்று முழுமையாக எழுதப்பட்டு, பிறகே பழையது அகற்றப்படுகிறது. 6 ஜிபி கோப்புறைக்கு ஏறக்குறைய அதே அளவு காலி இடம் வட்டில் வேண்டும் என்பதும், இடையில் கணினியை அணைக்கக் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. பாதியில் நின்றுபோன காம்பேக்ட்டின் எச்சமாக 'என்எஸ்டிஎம்பி' என்ற பெயரில் விநோதமான கோப்புறை ஒன்று தோன்றினால், அதை உடனே அழித்துவிடாமல், மூலக் கோப்புறை முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அழியுங்கள்.

எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பில் இருப்பதன் இன்னொரு விளைவு ஆன்டிவைரஸ் மென்பொருளோடு வரும் மோதல். ஏதோ ஒரு கடிதத்தின் இணைப்பில் வைரஸ் இருப்பதாக அது கண்டால், அதன் கண்ணுக்குக் கெட்டது அந்த இணைப்பு மட்டுமல்ல, இன்பாக்ஸ் கோப்பு முழுவதுமே. அதை அப்படியே தனிமைப்படுத்திவிடும். மறுநாள் இன்பாக்ஸ் வெறுமையாக இருக்கும். இந்த நிலையில் தனிமைப் பட்டியலைக் காலி செய்வதுபோன்ற தவறு வேறில்லை. அதிலிருந்து கோப்பை மீட்டெடுத்து, புரொஃபைல் அடைவைச் சோதனையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். புரொஃபைலை ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு அடைவுக்குள்ளோ அலுவலக நெட்வொர்க் வட்டிலோ வைப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. தண்டர்பேர்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நிரல் அதே கோப்பைப் பற்றிக்கொள்வதால் அட்டவணைகள் அடிக்கடி கெடும்.

ஐமேப் பயனர்களுக்கு வேறு சில இடறல்கள் உள்ளன. சர்வரில் இருக்கும் ஒரு கோப்புறை தண்டர்பேர்டில் வரவில்லை என்றால், அதே பெயரில் புதிதாக உருவாக்க முயல வேண்டாம். கணக்கின் பெயரில் வலச்சொடுக்கி 'சப்ஸ்கிரைப்' சாளரத்தில் அதற்குக் குறியிட்டால் போதும். இரண்டு 'சென்ட்' கோப்புறைகள் தெரிந்தால் ஒன்றை அழிப்பதற்கு முன், கணக்கு அமைப்புகளில் நகல்களுக்கும் கோப்புறைகளுக்குமான பக்கத்தைத் திறந்து, அனுப்பிய கடிதங்கள் எதில் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். ஜிமெயிலில் ஒரே கடிதம் இன்பாக்ஸிலும் 'ஆல் மெயில்' கோப்புறையிலும் தெரிவது இரட்டிப்பு அல்ல. ஒரே கடிதத்தை இரண்டு சன்னல்கள் வழியே பார்ப்பதுதான். இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று 'ஆல் மெயில்' கடிதங்களைக் குப்பைக்கு அனுப்பியவர்கள் இன்பாக்ஸையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள். ஐமேப்பிலிருந்து உள்ளூர்க் கோப்புறைக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களை மாற்றும்போது நேரடியாக நகர்த்தாமல், சில நூறுகளாக நகலெடுத்து, எண்ணிக்கையை ஒப்பிட்டு, சிலவற்றைத் திறந்து படித்துப் பார்த்தபின் மூலத்தை நீக்குங்கள்.

கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. ஐமேப் முறையில் ஆங்கில எழுத்தல்லாத பெயர்கள் வேறொரு குறியாக்கத்தில் எழுதப்படுவதால், 'கணக்குகள்' என்று நீங்கள் பெயரிட்ட கோப்புறை, வன்தட்டில் '&' என்ற உம்மைக் குறியோடு தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாகத் தெரியும். அது வைரஸும் அல்ல, பழுதும் அல்ல, அழிக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, தண்டர்பேர்டை மூடிவிட்டுப் புரொஃபைல் அடைவு முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பது. இந்த நல்ல வேலையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கடைகளில் வாங்கும் பென்டிரைவ்கள் பல, கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் வருகின்றன. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சிறிய கோப்புகள் எல்லாம் ஏறிவிடும், மிக முக்கியமான இன்பாக்ஸ் மட்டும் விடுபட்டுப்போகும். எச்சரிக்கைச் செய்தியைக் கவனிக்காமல் 'தவிர்' என்று அழுத்தியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. சித்தப்பா இப்போது எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றிய பென்டிரைவில் மாதம் ஒருமுறை நகலெடுக்கிறார். எடுத்து முடித்ததும் இரண்டு அடைவுகளின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி இலக்கம் வரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பென்டிரைவைக் கழற்றுகிறார்.