டோ எங்கே இருக்கிறது?

நானும் மனைவியும் ஜாம்பியாவில் மிஷனரிகளாக இருந்தபோது, சபை வாலிபர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கீபோர்டு வகுப்பு நடத்தினோம். 61 கட்டை கீபோர்டு ஒன்று, பிள்ளைகள் ஒன்பது பேர்.

நம்மூர்ப் பழக்கத்தில் கட்டைகளில் சி, டி, ஈ என்று மேற்கத்திய ஸ்வரப் பெயர்களை ஸ்டிக்கராக ஒட்டினேன். ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. ஆனால் நாலு குரலில் பாடச் சொன்னால் பிளந்து கட்டுவார்கள். எல்லாம் நம் ஸ, ரி, க மாதிரியான டோ, ரே, மீ எழுத்தைப் பார்த்துத்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய டானிக் சோல்ஃபா அது, மிஷனரிகளோடு கப்பலேறி ஆப்பிரிக்காவில் வேரூன்றிவிட்டது.

சரியென்று ஸ்டிக்கரை டோ, ரே, மீ ஆக்கினேன். அடுத்த பாட்டு எஃப் சுருதி. சுருதி எதுவோ அங்கேதான் டோ, அதனால் சி-யிலிருந்து எஃப்புக்கு இடம் மாறிவிட்டது! நம் ஸட்ஜமமும் அப்படித்தானே, எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

மனைவி பிஸ்கட் அட்டையில் நீளப் பட்டை ஒன்று வெட்டிக் கொடுத்தாள். கட்டைகளின் பின்கோடியில் கறுப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒரே அகலம். ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு டோவிலிருந்து அடுத்த டோ வரை, சுமார் 165 மி.மீ. அதை 12 சம கட்டமாக்கி 1, 3, 5, 6, 8, 10, 12ஆம் கட்டங்களில் டோ முதல் டீ வரை எழுதினேன். பட்டையைக் கட்டைகளின் பின்கோடியில் நகர்த்தி டோவை எஃப்புக்கு நேரே வைத்தால், ஃபா தானாகவே கறுப்புக் கட்டையில் போய் உட்காருகிறது.

மூன்றாம் வாரம், பின்வரிசைப் பெண் ஒருத்தி என்னைக் கேட்காமலே பட்டையை ஜி-க்குத் தள்ளிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். சின்னக் கட்டை பொம்மைக் கீபோர்டுக்கு மட்டும் வேறு பட்டை வெட்ட வேண்டியிருந்தது.