தானே ஓடும் இயந்திரம் காயப்படுத்தினால் யாரைப் பிடிப்பது?

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகரில் 'ரோபோ' என்றாலே சிக்னல் விளக்குதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது தானாகப் புல் வெட்டுகிற, தரை கூட்டுகிற இயந்திரங்களைப் பற்றியது.

காலை வெட்டிவிட்டதா? கட்டுப் போட்டதுமே படம் எடுங்கள், ஆப்பில் இருக்கும் பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், 'அப்டேட் செய்யவா' என்று கேட்டால் இப்போது வேண்டாம். நான் அவசரப்பட்டு அழுத்தினேன், மறுநாள் பழைய பதிவு ஒன்றும் இல்லை. கடைக்காரர் 'கொடுங்கள், பார்த்துத் தருகிறோம்' என்றால் எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பெரிய கேள்வி: நீங்கள் வாங்கிப் பயன்படுத்துகிறவரா, பக்கத்து வீட்டுக்காரரா? வாங்கியவருக்கு 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61ஆவது பிரிவு இருக்கிறது. செய்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் என்று யார் மீதும் போகலாம், அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டாம், பொருளில் பழுது இருந்தது, அதனால்தான் அடிபட்டது என்று காட்டினால் போதும். எச்சரிக்கை சரியாக எழுதாததும் இதில் சேரும். விநியோகித்தவருக்கும் கடைக்காரருக்கும் மட்டும் 'எனக்கு எப்படித் தெரியும்' என்று நழுவ வழி உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் பாடுதான் கஷ்டம். தாழத் தொங்கிய மின்கம்பியில் மாட்டிய சைக்கிள்காரர் ஒருவர் இதே பிரிவில் மின்சார நிறுவனமான எஸ்காம் மீது வழக்குப் போட்டார், 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'நீங்கள் அவர்களுடைய நுகர்வோரே இல்லை' என்று சொல்லிவிட்டது. அவர் அப்போது மின்சாரமா வாங்கிக்கொண்டிருந்தார்! அப்படிப்பட்டவர் இயந்திரத்தை வைத்திருப்பவரின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும்: இயந்திரம் தாண்டிப் போகாமலிருக்க எல்லைக் கம்பி போட்டாரா, குழந்தைகள் விளையாடும் நேரத்தில் ஓடவிட்டாரா? வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டு நாய் காரணமில்லாமல் கடித்தால் அதன் சொந்தக்காரரின் தப்பை நிரூபிக்கத் தேவையில்லை, ரோமன் காலத்து விதி. நாய்க்கு இருக்கிறது, இயந்திரத்துக்கு இல்லை.

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் முதலாளி மீது வழக்குப் போட முடியாது, இழப்பீட்டு நிதியில்தான் கேட்க வேண்டும், ஆனால் இயந்திரம் செய்தவர் மீது தடையில்லை.

20,000 ராண்டுக்குள் என்றால் சிறு உரிமை நீதிமன்றம் போதும், வக்கீல் உள்ளே வரவே முடியாது, கம்பெனி மீதும் போடலாம். அதற்கு முன் 14 நாள் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 3 வருடம்தான் அவகாசம், 'அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள்.