விண்வெளித் தொழில்நுட்ப ஆய்வுக்கு அரசு நிதி கேட்கும் முன்

முதலில் உங்கள் யோசனையின் முதிர்ச்சி நிலையைக் கணியுங்கள். இதற்கு நாசா உருவாக்கிய 1 முதல் 9 வரையிலான தொழில்நுட்ப ஆயத்தநிலை (TRL) அளவுகோலே பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளது. 2013-இல் ஐஎஸ்ஓ 16290 என்ற சர்வதேசத் தரநிலையாகவும் வந்தது. 3 என்றால் கருத்து சோதனையில் நிரூபணமானது, 4 என்றால் ஆய்வகத்தில் மாதிரி இயங்கியது, 5 என்றால் விண்வெளியை ஒத்த சூழலில் இயங்கியது. வெற்றிடத்திலோ உரிய வெப்பநிலையிலோ சோதிக்காமல் 5 என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மதிப்பீட்டாளர் அதை உடனே பிடித்துவிடுவார். குறைத்துச் சொல்வதே நல்லது.

"எடை குறைவு" என்று மொட்டையாக எழுதாதீர்கள். இப்போது பறக்கும் கருவியின் எடை, மின்தேவை, ஆயுள் ஆகியவற்றுக்கு எதிரே உங்கள் இலக்கு எண்களை வையுங்கள். அந்த எண் எப்படி வந்தது என்ற கணக்கும் வேண்டும்.

பட்ஜெட்டில் ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை யாருக்கும் மறக்காது. வெப்ப-வெற்றிட அறை வாடகை, அதிர்வுச் சோதனை, கதிர்வீச்சுச் சோதனைக்கான துகள்முடுக்கி நேரம் ஆகியவைதான் விடுபடும். முடுக்கி நேரத்தை மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டியிருப்பதால், கால அட்டவணையும் அதை ஒட்டியே அமையட்டும். கதிர்வீச்சு தாங்கும் மின்னணுச் சில்லுகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. உரிமம் தாமதமானால் என்ன மாற்று என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

பல்கலைக்கழக நிதி அலுவலகத்தின் கையொப்பத்தைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.