பழைய ஸ்பிளிட் ஏசியில் கேஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டது, அதிலுள்ள ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸ் எளிதில் கிடைப்பதில்லை, ஆகவே புது கேஸை ஏற்றிவிடலாம் என்ற பேச்சிலேயே முதல் தவறு இருக்கிறது. கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகும் எரிபொருள் அன்று. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் சுழன்றுகொண்டிருக்கும் அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸின் வகையை மட்டும் மாற்றினால், புது கேஸும் அதே ஓட்டை வழியாகத்தான் வெளியேறும்.

ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் அதன் புது உற்பத்தி 2020-இல் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. வளரும் நாடுகளுக்கான கெடு 2030. இந்தக் கெடு உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் உரியதே தவிர, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏசிக்கு உரியது அன்று. கசிவு இல்லாமல் நன்றாகக் குளிரூட்டும் இயந்திரத்தை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மாற்றத் தேவையில்லை. ‘சுற்றுச்சூழலுக்காக மாற்றுகிறோம்’ என்ற விளக்கத்தையும் முழுதாக ஏற்க இயலாது. ஆர்-22-இன் புவி வெப்பமாக்கும் திறன், கரியமில வாயுவைப்போல் சுமார் 1,800 மடங்கு. அதற்கு மாற்றாகப் பயன்படும் ஆர்-407சி-இன் அளவும் கிட்டத்தட்ட அதேதான். ஓசோனுக்கு நன்மை உண்டு, வெப்பநிலை உயர்வைப் பொறுத்தவரை ஆதாயம் இல்லை.

ஆபத்தான தவறு, புது ஏசிகளுக்கான ஆர்-410ஏ அல்லது ஆர்-32-ஐ ஆர்-22 இயந்திரத்தில் ஏற்றுவது. வெளி யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் கேஸ் 50 டிகிரி செல்சியஸில் திரவமாகும்போது ஆர்-22-இன் அழுத்தம் ஏறத்தாழ 19 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்). ஆர்-410ஏ-க்கு அது 30 பாரைத் தொடும். பழைய கண்டென்சர் சுருளும், இணைப்புகளும், கம்ப்ரசர் மோட்டாரும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆர்-32-இல் இத்துடன் இன்னும் இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன: கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் கேஸின் சூடு அதிகம், மேலும் அது மிதமாகத் தீப்பற்றக்கூடியது. ‘ஏற்றிப் பார்க்கலாம், ஓடினால் ஓடட்டும்’ என்று யார் சொன்னாலும் அந்த வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

புரொப்பேன் எனப்படும் ஆர்-290-இன் கவர்ச்சி வேறு வகையானது. அதன் அழுத்தம் ஆர்-22-ஐ ஒட்டியிருக்கிறது, பழைய கம்ப்ரசரின் உயவு எண்ணெயான மினரல் ஆயிலோடு கலக்கிறது, நன்றாகவும் குளிரூட்டுகிறது. அதனால்தான் அது ஆசை காட்டுகிறது. ஆனால் காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே அது தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும். இதற்கென்றே தயாராகும் இயந்திரங்களில் கேஸின் அளவைக் குறைத்து, பொறி தெறிக்கக்கூடிய மின்பாகங்களை மூடி அமைத்திருப்பார்கள். பழைய ஏசியின் மின்சுவிட்சுகளான ரிலேக்களுக்கு அப்படி எந்த மறைப்பும் இல்லை. உள் யூனிட் தொங்குவதோ மூடிய படுக்கையறையில்.

அப்படியானால் எஞ்சுவது ஆர்-407சி, ஆர்-422டி, ஆர்-438ஏ போன்ற கலவைகள். இங்கே தவறு பெரும்பாலும் ஆயிலில் நிகழ்கிறது. கம்ப்ரசரிலிருந்து கேஸோடு சிறிதளவு ஆயிலும் வெளியேறிக் குழாய்களைச் சுற்றித் திரும்பி வரும். மினரல் ஆயில் ஆர்-407சி-யில் கரையாததால் உள் யூனிட்டின் ஆவியாக்கிச் சுருளிலேயே தங்கிவிட, கம்ப்ரசர் ஆயிலின்றித் தேய்கிறது. எனவே பிஓஇ எனப்படும் செயற்கை ஆயிலுக்கு மாற வேண்டும். வீட்டு ஏசியின் கம்ப்ரசரில் ஆயிலை வடிக்கத் திருகு கிடையாது. அதைக் கழற்றிக் கவிழ்த்துத்தான் வடிக்க வேண்டும், குழாய்களையும் கழுவ வேண்டும். பிஓஇ ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. வேலை முடியும்வரை திறந்தே கிடந்த டப்பாவில் எஞ்சியதை அடுத்த வேலைக்கு எடுத்துவைப்பது ஈரத்தைச் சேமித்துவைப்பதற்குச் சமம். ஈரம் அந்த ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி மோட்டார் சுற்றுக்கம்பியின் பூச்சை அரிக்கும். ஆர்-422டி, ஆர்-438ஏ போன்றவற்றில் சிறிதளவு ஹைட்ரோகார்பன் இருப்பதால் பல இடங்களில் பழைய ஆயிலையே வைத்துக்கொள்ள முடிகிறது. அதற்கு விலையாகக் குளிர்ச்சி சற்றுக் குறையும்.

குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்றும் வேக்குவம் எடுப்பதில் காட்டும் அவசரம் அடுத்த தவறு. கொஞ்சம் கேஸை உள்ளே விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவதும், ஏசியின் கம்ப்ரசரையே வேக்குவம் பம்பாகப் பயன்படுத்துவதும் இன்னமும் நடக்கின்றன. சாதாரண அழுத்தமானியான மானிஃபோல்டு கேஜின் முள் சில நிமிடங்களிலேயே அடிக்கோட்டுக்கு இறங்கி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு உள்ளே நடப்பது எதையும் அது காட்டாது. மிக நுண்ணிய வெற்றிடத்தையும் அளக்கும் மைக்ரான் கேஜை மாட்டி, 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். எண் சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது. கசிவுச் சோதனைக்கு உலர்ந்த நைட்ரஜனை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டரை இணைப்பது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். குழாய்களைச் சூடாக்கி ஒட்டும் பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிடாவிட்டால் உட்சுவரில் கருமையான செதில்கள் படியும். அவை பின்னர் உதிர்ந்து கேபிலரி எனும் மெல்லிய குழாயை அடைக்கும்.

வால்வு ரப்பர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் ஆர்-22-இல் ஊறி உப்பிய ரப்பர், புது கேஸ் வந்ததும் சுருங்குவதால், சில வாரங்கள் கழித்து அங்கே கசியத் தொடங்கும். வால்வு கோர் (வால்வின் உள்முள்), ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஃபில்டர் டிரையர் (ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) மூன்றையும் கேஸ் ஏற்றும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

ஏற்றும்போது சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையில் எளிதில் ஆவியாகும் பகுதி முந்திக்கொண்டு விகிதம் கெட்டுவிடும். கேஜ் முள் வழக்கமான 60, 65 பிஎஸ்ஐ-யில் நிற்கிறதா என்று பார்த்து ஏற்றுவது ஆர்-22 காலத்துப் பழக்கம். பழைய எடையைவிடச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, தராசில் எடைபோட்டு, சூப்பர்ஹீட்டை (ஆவியான பிறகு கேஸில் கூடுதலாக ஏறும் சூட்டை) அளந்து சரிசெய்வதே முறை. ஏசியிலிருந்து எடுத்த பழைய ஆர்-22-ஐக் காற்றில் விடாமல் தனிச் சிலிண்டரில் சேர்க்க வேண்டும், வேறு கேஸோடு கலந்தால் அதை மறுசுத்திகரிப்பது கடினம்.

இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு, வெளி யூனிட்டில் ‘ஆர்-22’ என்ற பழைய ஸ்டிக்கரை அப்படியே விட்டுச் செல்பவர்கள் பலர். அடுத்து வரும் மெக்கானிக் அதை நம்பி ஆர்-22-ஐயே ஏற்றுவார். புது கேஸின் பெயர், எடை, ஆயில் வகை, மாற்றிய தேதி ஆகியவற்றை அழியாத மையில் எழுதி, பழைய ஸ்டிக்கரின் மேலேயே ஒட்டிவிட வேண்டும்.