பழைய ப்ளெண்டட் ஸ்காட்ச்: வாயில் வைப்பதற்குள் கெடுத்துவிடும் தவறுகள்

முதல் தவறு பாட்டிலைத் திறக்கும் முன்பே நடந்துவிடுகிறது. அது வயசுக் கணக்கு. 1962இல் பாட்டிலில் அடைத்த 12 வருட ஸ்காட்ச் இன்றைக்கும் 12 வருட விஸ்கிதான். விஸ்கி முதிர்வது ஓக் பீப்பாய்க்குள். பாட்டிலுக்குள் போனபிறகு எத்தனை ஆண்டு அலமாரியில் இருந்தாலும் அது வயதில் சேராது. லேபிளில் போட்டிருக்கும் எண், கலவையில் உள்ளவற்றிலேயே இளைய விஸ்கியின் வயது. ப்ளெண்டட் ஸ்காட்ச் என்பது மால்ட் விஸ்கியும் (முளைகட்டிய பார்லியில் செய்தது) கிரெயின் விஸ்கியும் (கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் செய்தது) கலந்தது. மால்ட்டுக்கு மட்டுமல்ல, கிரெயின் விஸ்கிக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஆகவே 30 வருட பாலன்டைன்ஸையும், 1950களில் அடைத்த வயது போடாத ஒயிட் ஹார்ஸையும் ஒரே எதிர்பார்ப்போடு அணுகக் கூடாது. முன்னதில் மரம் தூக்கலாக இருக்கும்: வனிலா, உலர்பழம், லேசான துவர்ப்பு. பின்னதில் மரத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் செய்யும், புகை மணக்கும் லாகவூலின் மால்ட் கலந்த சரக்கு என்பதால் அதில் தேட வேண்டியது புகை, மெழுகு, எண்ணெய்ப் பதம்.

லேபிளில் ஆல்கஹால் அளவு ‘70 புரூஃப்’ என்று பார்த்துவிட்டு, “35 சதவீதம்தானா?” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் உண்டு. அது அமெரிக்கக் கணக்கு. பழைய பிரிட்டிஷ் அளவில் 70 புரூஃப் என்றால் 40 சதவீதம். 75 என்றால் ஏறத்தாழ 43. இந்த முறை 1980 வாக்கில் கைவிடப்பட்டது. எனவே பிரிட்டனில் விற்ற பாட்டிலில் புரூஃபும் 26⅔ அவுன்ஸ் என்ற அளவும் இருந்தால், அதற்கு முந்தைய சரக்கு என்று பெரும்பாலும் கொள்ளலாம். லேபிள் அசல் என்றால்தான் இந்தக் கணக்கெல்லாம்.

அந்த ‘என்றால்’ சின்ன விஷயமில்லை. 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் பாரில், 1878ஆம் ஆண்டு மக்காலன் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையின் மால்ட் விஸ்கி மட்டும்) என்று ஒரு கிளாஸ் 9,999 ஃபிராங்குக்கு விற்கப்பட்டது. அந்தப் பாட்டிலின் படத்தைப் பார்த்தவர்களுக்கு கார்க்கும் லேபிளும் இடித்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ரேடியோ கார்பன் சோதனை செய்தபோது அது 1970–72 வாக்கிலான விஸ்கி என்று தெரிந்தது. மேலும் ஆராய்ந்ததில் சுமார் 60 சதவீதம் மால்ட், 40 சதவீதம் கிரெயின். அதாவது சாதாரண ப்ளெண்ட். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 தேறவில்லை. ருசியை வைத்து இதைப் பிடித்துவிடலாம் என்று நம்புவதே ஒரு தவறு. மூடியின் உறை, கழுத்தில் நிற்கும் மட்டம், பசையின் நிறம் இவற்றைத் திறக்கும் முன்பே பாருங்கள். மட்டம் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் ஆல்கஹாலும் ஆவியாகிக் குறைந்திருக்கும். குடிக்கும்போது சப்பென்று இருக்கும். அறுபது வருட பாட்டில் கழுத்து வரை புத்தம்புதிதாக நிரம்பி நின்றால் அதையும் கொஞ்சம் சந்தேகியுங்கள்.

அடுத்தது கார்க். 40 சதவீத ஆல்கஹால் பல பத்தாண்டுகளாக அதை அரித்திருக்கும். வழக்கம்போல் பிடித்து முறுக்கினால் பாதி கையிலும் பாதி கழுத்திலுமாக உடையும். திருகாணி போன்ற ஓப்பனரை இறக்கினால் தூளாகிவிடும். இரண்டு தகடு உள்ள கார்க் எடுப்பான்தான் இதற்குச் சரி. நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்துவிடுங்கள். பிறகு மற்றதையும் நுழைத்து, மாறி மாறி அழுத்தி முழுதும் இறக்கி, மெல்லத் திருகியபடியே மேலே தூக்குங்கள். உள்ளே விழுந்த தூளை மெல்லிய எவர்சில்வர் வலையில் வடிகட்டலாம். காபி ஃபில்டர் தாளைக் கடைசி வழியாக வையுங்கள், தாள் வாசனை ஏறும். பழைய உறைகளில் ஈயம் இருக்கக்கூடும். ஊற்றும் முன் பாட்டில் வாயை ஈரத்துணியால் துடையுங்கள். மூடுவதற்கு நல்ல கார்க் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றியவுடனே தீர்ப்புச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதல் முகர்வில் நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த அலமாரி, செப்புக்காசு மாதிரி ஏதோ ஒன்று முகத்தில் அடிக்கும். பலர் “கெட்டுப்போச்சு” என்று அங்கேயே முடித்துவிடுகிறார்கள். வாய் குறுகிய டியூலிப் கிளாஸில் 20 மில்லி ஊற்றி 20 நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த வாடை பெரும்பாலும் கலைந்து, தேன், ஆரஞ்சுத் தோல், மெழுகு, அடுப்புக்கரி என்று ஒவ்வொன்றாக எழும்பும். முக்கால் மணி நேரமாகியும் ஈர அட்டை வாசனை அசையவில்லையா? அது கெட்ட கார்க்கிலிருந்து ஏறிய வாடை, இனிப் போகாது. ஒயினைப் போல கிளாஸைச் சுழற்றாதீர்கள். ஆல்கஹால் மட்டும்தான் முந்திக்கொண்டு வரும். வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் சிப் நாக்கைப் பழக்குவதற்கு, 2 மில்லி போதும். இரண்டாவதிலிருந்துதான் ருசிக் கணக்கு.

தண்ணீர் விஷயத்தில் ஒரு அரைகுறை அறிவு சுற்றிக்கொண்டிருக்கிறது: ப்ளெண்டர்கள் 20 சதவீதத்துக்கு நீர்த்துத்தானே முகர்கிறார்கள், நாமும் அப்படியே செய்யலாம் என்று. அவர்கள் அப்படி முகர்வது குறை கண்டுபிடிக்க, இன்பத்துக்காக அல்ல. 40 சதவீதத்தில் இருக்கும் 20 மில்லியில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தண்ணீர் விட்டாலே 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பழைய ப்ளெண்ட் அதைத் தாங்காது. வாயில் நிற்கும் கனமே போய்விடும். முதலில் அப்படியே ருசியுங்கள். பிறகு வேண்டுமானால் டிராப்பரால் மூன்று சொட்டு, குளோரின் வாடை இல்லாத தண்ணீர். ஐஸ் வேண்டவே வேண்டாம். குளிரில் மணம் அடங்குவதோடு விஸ்கி கலங்கலாகவும் தெரியலாம். குளிர்ந்த இடத்தில் வைத்த பாட்டிலே கலங்கியிருந்தால் அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள், தெளிந்தால் பயமில்லை.

அன்று வேறு விஸ்கிகளும் உண்டென்றால் இதை முதலில் வையுங்கள். 58 சதவீத ஐலா மால்ட்டுக்குப் பிறகு இது வெறும் தண்ணீராகத் தெரியும். மிளகாய் தூக்கலான சைடு டிஷ்ஷுக்குப் பிறகும் அதே கதிதான்.

திறந்தபின் பொத்திப் பொத்தி வருடக்கணக்கில் வைத்திருப்பதும் வீண். பாட்டிலில் காற்று கூடக் கூட மணம் தேயும். பாதி காலியானதும் 100 மில்லி கண்ணாடிப் புட்டிகளில் விளிம்பு வரை நிரப்பி, இருட்டில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் கார்க்கை மறுபடி அரிக்கும். அழகுக்காக ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடிக் குடுவையில் மாற்றி வைக்காதீர்கள், ஈயம் விஸ்கியில் கசியும். அந்தக் குடுவை அன்றைக்கு ஊற்றி அன்றைக்கே தீர்ப்பதற்கு மட்டும்.